குட்டி தாடி ஓணானுக்கு முதல் தேவை வெயில்

காலை நேரத்தில் வேலியிலோ மதில் விளிம்பிலோ ஓணான் ஏறி உட்கார்ந்திருப்பதைப் பார்க்காதவர்கள் நம்மில் குறைவு. வேலிக்கு ஓணான் சாட்சி என்று பழமொழியே இருக்கிறது. இரவில் குளிர்ந்துபோன உடம்பை வெயிலில் சூடேற்றிக்கொண்டால்தான் அதற்கு ஓட்டம், இரை, செரிமானம் எல்லாம். அதற்காகத்தான் அது அங்கே உட்காருகிறது. அதே ஓணான் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் ஆஸ்திரேலியாவின் பியர்டட் டிராகன். தொண்டைக்குக் கீழே முள்ளு முள்ளாக இருக்கும் தோலை உப்பிக் கறுப்பாக்கும்போது தாடி வைத்தது போல் இருப்பதால் வந்த பெயர்; தமிழில் தாடி ஓணான் என்றே சொல்லிவிடலாம். குவீன்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ் மாநிலங்களின் உட்பகுதியிலிருந்து நாட்டின் நடுப்பகுதி வரை பரந்த வறண்ட நிலம் அதன் பூர்வீகம். உள்நாட்டு விலங்குகளை வணிகத்துக்காக வெளியே அனுப்புவதை ஆஸ்திரேலியா 1960களிலேயே தடுத்துவிட்டது. இன்று அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கடைகளில் விற்கப்படும் குட்டிகள் பல தலைமுறைகளாகத் தொட்டிக்குள்ளேயே பிறந்து வந்தவை. அவற்றின் நிறம் மாறியிருக்கிறது, மனிதரிடம் சாதுவாகவும் இருக்கின்றன. ஆனால் அந்த உடம்பு கேட்கும் வெயில் மட்டும் மாறவில்லை.

குட்டியை வாங்கி வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, இதற்கு என்ன தின்னக் கொடுப்பது என்பதைத்தான். அதற்கு முன்பே கேட்க வேண்டியது, இது எங்கே வெயில் காயும் என்பது. காரணம் எலும்பில் இருக்கிறது. முட்டையை விட்டு வரும்போது வாலோடு சேர்த்து ஏறத்தாழ 10 செ.மீ. நீளமே இருக்கும் இந்தப் பிராணி, ஒன்றரை ஆண்டுக்குள் 45 முதல் 60 செ.மீ. வரை வளர்ந்துவிடுகிறது. அந்த வேகத்துக்கு எலும்பு வளரக் கால்சியம் ஏராளமாக வேண்டும். குடல் அந்தக் கால்சியத்தை உறிஞ்ச வைட்டமின் டி வேண்டும். வெயிலில் உள்ள புறஊதா-பி கதிர் தோலில் பட்டதும் அங்கிருக்கும் ஒரு பொருள் வைட்டமின் டியின் முன்வடிவமாகிறது. உடம்புச் சூடு அதை வைட்டமின் டியாக மாற்றுகிறது. பிறகு கல்லீரலும் சிறுநீரகமும் அதைப் பயன்படும்படி ஆக்கித் தருகின்றன. ஆக, ஒளியும் சூடும் சேர்ந்தே கிடைக்க வேண்டும். கிடைக்காதபோது இரத்தத்தில் கால்சியம் குறைகிறது. இதயமும் தசையும் நிற்காமல் இயங்க வேண்டுமே என்று பாராதைராய்டு சுரப்பி எலும்பிலிருந்து கால்சியத்தைக் கரைத்து எடுக்கத் தொடங்குகிறது. குட்டியின் கால்விரல்கள் காரணமின்றித் துடிப்பது இதன் ஆரம்பம். பிறகு நடக்கும்போது வயிற்றைத் தூக்காமல் தரையில் இழுத்துக்கொண்டு போகும். கீழ்த்தாடை ரப்பர் போல வளையும். பூச்சியைக் கவ்வும், நசுக்க முடியாமல் விட்டுவிடும். சிகிச்சை தந்தால் நோயை நிறுத்தலாம். கோணிப்போன முதுகையும் கால்களையும் நிமிர்த்துவது கடினம். ஊர்வனவற்றுக்கு வைத்தியம் பார்ப்பவர்களிடம் அடிக்கடி வரும் நோய் இது. முற்றிலும் தவிர்க்கக்கூடிய நோய் என்பதுதான் வேதனை.

வைட்டமின் டி பொடி கடையில் கிடைக்கிறதே, அதை இரையில் தூவினால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். நெதர்லாந்து ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 2010இல் முடிவை வெளியிட்டார்கள். தாடி ஓணான் குட்டிகளில் சில பிரிவுகளைப் புறஊதா-பி விளக்கடியில் வளர்த்தார்கள். ஒரு பிரிவுக்கு அந்த விளக்கு இல்லாமல் வாய்வழியாக மட்டும் வைட்டமின் டி கொடுத்தார்கள். விளக்கடியில் வளர்ந்தவற்றின் இரத்தத்தில் வைட்டமின் டி பல மடங்கு அதிகமாக இருந்தது. பொடியைத் துணையாகக் கொள்ளலாம், விளக்குக்குப் பதிலாகக் கொள்ள முடியாது. அப்படியானால் தொட்டியை ஜன்னலோரம் வைத்துவிடலாமே என்று அடுத்த யோசனை வரும். ஜன்னல் கண்ணாடி வெளிச்சத்தை விடும், சூட்டையும் விடும். புறஊதா-பி கதிரை மட்டும் ஏறக்குறைய முழுவதுமாகத் தடுத்துவிடும். போதாக்குறைக்கு, நேர்வெயிலில் வைத்த கண்ணாடித் தொட்டி சில நிமிடங்களில் அடுப்பாகி குட்டியைக் கொன்றுவிடக்கூடும். எங்கள் ஊரே சூடுதான் என்பதும் பதிலாகாது. அறைக் காற்று வெதுவெதுப்பாக இருப்பது வேறு, முதுகில் வெயில் காய்வது வேறு.

எனவே குட்டி வருவதற்கு முன்பே தொட்டி தயாராக இருக்க வேண்டும். ஒரு கோடியில் கல்லோ கட்டையோ வைத்து, அதன் மேற்பரப்பு 38 முதல் 42 டிகிரி செல்சியஸ் வரை சூடாகும்படி வெப்ப விளக்கு. மறுகோடி 25 முதல் 29 டிகிரிக்குள். அதே சூடான பக்கத்தில், தொட்டியின் பாதி நீளத்துக்காவது வரும் குழல் வடிவப் புறஊதா-பி விளக்கு. பகலில் ஏறத்தாழ 12 மணி நேரம் எரிய வேண்டும், இரவில் எல்லாம் அணைய வேண்டும். மேலே மூடிய கம்பிவலை கதிரில் கணிசமான பங்கைத் தின்றுவிடும் என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும். இன்னொன்றையும் பலர் அறிவதில்லை: விளக்கு பளிச்சென்று எரிந்துகொண்டிருக்கும்போதே அதன் புறஊதாத் திறன் தேய்ந்துகொண்டு வரும். அதனால் 6 முதல் 12 மாதத்துக்குள், தயாரிப்பாளர் சொல்லும் காலத்தில் மாற்றிவிட வேண்டும். எல்லாம் சரியாக இருக்கிறதா என்பதைக் குட்டியே காட்டிக்கொடுக்கும். காலையில் விளக்கு எரிந்ததும் கட்டை மேல் ஏறும், உடம்பைக் கருமையாக்கிக்கொள்ளும், விலா எலும்புகளை விரித்துத் தட்டையாகப் படுத்துக் கண்ணை மூடும். சூடு போதுமென்றதும் நிறம் வெளிறும், வாயைத் திறந்து வைத்துக்கொள்ளும். அதற்கும் மேல் சூடானால் தானாக இறங்கிக் குளிர்ந்த பக்கம் போகும். அப்படிப் போக ஓர் இடம் இருந்தாக வேண்டும்.

புது வீட்டில் குட்டி முதல் சில நாள் சரியாகத் தின்னாமல் இருப்பது சகஜம். இடம் மாறிய மிரட்சிதான் காரணம், விளக்கின்மேல் பழி போடுவானேன் என்று சிலர் சொல்வார்கள். மிரட்சி உண்மைதான். அதனால் முதல் வாரம் அதைக் கையில் எடுக்காமல் விடுவதே நல்லது. ஆனால் சூடு இல்லாத வயிற்றில் இரை செரிக்காது என்பதும் அதே அளவு உண்மை. வெப்பமானியை வெயில் காயும் இடத்திலேயே வைத்துப் பார்த்த பிறகு பொறுமையாக இருக்கலாம். சூடு சரியாக இருந்தும் எடை குறைந்துகொண்டே போனால் மருத்துவரிடம் போக வேண்டியதுதான். இந்த வயதில் பூச்சிதான் முக்கிய இரை: குட்டியின் இரு கண்களுக்கு இடையிலான அகலத்தைவிடப் பெரிதாகாத சுவர்க்கோழிகள், தினம் இரண்டு மூன்று வேளை, பத்துப் பதினைந்து நிமிடத்தில் தின்னும் அளவு. இந்தப் பூச்சிகளில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் குறைவு என்பதால் கால்சியம் பொடியில் புரட்டிக் கொடுக்க வேண்டும். கூடவே பொடியாக நறுக்கிய கீரை. மின்மினிப் பூச்சி கூடவே கூடாது. ஒன்றே உயிரைப் பறிக்கலாம். பாலைவனப் பிராணி என்று உதிரி மணலைக் கொட்டுவதும் தவறு. அதன் சொந்த மண் பெரும்பாலும் இறுகிய செம்மண். இரையோடு விழுங்கிய மணல் குடலை அடைக்கும். குட்டிக்குத் தாள் விரிப்பே போதும். துணையாக இருக்கட்டும் என்று இரண்டை ஒன்றாக விடுபவர்களும் உண்டு. பெரியது சின்னதன் முதுகில் ஏறிப் படுத்திருப்பதைப் பாசம் என்று எடுத்துக்கொள்வார்கள். அது பிடித்திருப்பது மற்றதன் வெயில்! இந்த ஓணான் தனியே வாழும் பிராணி. தொட்டபின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பார்க்க நலமாக இருக்கும் குட்டியும் சால்மொனெல்லா கிருமியைச் சுமந்திருக்கலாம். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் அதை எடுத்து விளையாட வேண்டாம்.

கடைசியாக ஓர் ஆட்சேபம்: கடையில் இத்தனை ஏற்பாடு இல்லாமலே துறுதுறுவென்று இருக்கின்றனவே? எலும்பில் சேமிப்பு இருக்கும்வரை அப்படித்தான் இருக்கும். அது கரைந்து தீர வாரங்களோ மாதங்களோ ஆகும், அதற்குள் குட்டி உங்கள் வீட்டுக்கு வந்திருக்கும். விளக்குகளின் செலவு பல நேரம் குட்டியின் விலையைத் தாண்டும், அதுவும் ஆண்டுதோறும். நன்றாக வளர்த்தால் இது பத்து ஆண்டுக்கு மேல் வாழும் பிராணி. அத்தனை ஆண்டும் அந்தச் செலவு இருக்கும். முடியாது என்றால் வாங்காமல் இருப்பதே அதற்குச் செய்யும் நன்மை. முடியும் என்றால் முதலில் தொட்டியையும் விளக்குகளையும் வாங்கி, குட்டி இல்லாமலே ஒரு முழுநாள் எரியவிட்டு, இரு கோடியிலும் வெப்பத்தை அளந்து பாருங்கள். அளவு சரியாக நின்ற பிறகு கடைக்குப் போங்கள்.