கைவேலை தெரிந்தவருக்குச் 'சேட்டிபிக்கட்' எதற்கு?

அரச தொழிற்பயிற்சி என்றதும், சாதாரண தரத்தில் தவறிய பிள்ளையைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் இடம் என்றுதான் நம்மவர்கள் நினைக்கிறார்கள். "படிப்பு ஏறல்ல, ஏதாச்சும் ஒரு கோர்ஸில போடுங்க" என்ற பேச்சைக் கேட்காத ஊர் இல்லை. ஆனால் அந்த ஏற்பாட்டில் இன்னொரு பாதி உண்டு. அது ஏற்கெனவே தொழில் செய்து கொண்டிருப்பவருக்கும், அவரை வைத்து வேலை வாங்கும் முதலாளிக்கும் உரியது. அதைப் பற்றி நமக்குள் பேச்சுக் குறைவு.

1971 இல் தேசிய பயிலுநர் சபை சட்டமூலம் உருவானது. 1990 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் அதை தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபையாக்கியது. மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவும் அதே சட்டத்தில் வந்ததுதான். 1995 இல் தொழிற்பயிற்சி அதிகார சபை சேர்ந்தது. இவற்றையெல்லாம் ஒரே அளவுகோலில் கட்டுவது என்.வி.க்யூ. எனப்படும் தேசிய தொழிற் தகைமை. அதில் 7 மட்டங்கள். 1 முதல் 4 வரை சான்றிதழ், 5ம் 6ம் டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமம். பிறர் மேற்பார்வை இல்லாமல் தானே நின்று முழு வேலையையும் முடிக்கக் கூடியவர் 4 ஆம் மட்டம்.

இருபது வருடம் சுவர் கட்டிய ஒரு மேசன் பாஸை எடுத்துக் கொள்வோம். அவர் எந்த வகுப்பிலும் உட்காரவில்லை. சாந்து கலப்பதும் மட்டம் பார்ப்பதும் மாமாவின் பின்னால் திரிந்து பழகியது. இப்படிப்பட்டவருக்காகவே 'முன்கற்றலை அங்கீகரித்தல்' என்ற வழி இருக்கிறது. எங்கே படித்தாய் என்று அதில் கேட்பதில்லை, என்ன செய்யத் தெரியும் என்றுதான் கேட்பார்கள். ஒவ்வொரு தொழிலுக்கும் தேர்ச்சி நியமம் ஒன்று எழுதப்பட்டிருக்கிறது. அதை வைத்து முதலில் வாய்மொழியாக விசாரிப்பார்கள். பிறகு அவர் செய்த வேலைகளின் ஆதாரங்களைக் கோப்பாக்கச் சொல்வார்கள். கடைசியில் மதிப்பீட்டாளர் முன்னிலையில் வேலையைச் செய்து காட்ட வேண்டும். ஏதாவது ஒரு பகுதியில் குறை கண்டால் முழுப் பாடநெறியையும் படிக்கத் தேவையில்லை, அந்தக் குறையை மட்டும் நிரப்பிக் கொண்டு திரும்பி வரலாம். சுவர் கட்டுவதில் கெட்டிக்காரர் பலர் தடுமாறுவது வரைபடம் வாசிப்பதிலும் பாதுகாப்பு விதிகளிலும்தான்.

இரும்பை வசமாக்கிக் கொடுத்த தாவூத் நபிக்கு (அலை) கவசத்தின் கண்ணிகளை அளவாகச் செய்யுமாறு அல்லாஹ் பணித்ததைக் குர்ஆன் சொல்கிறது. கைத்தொழிலுக்கு அளவு வேண்டும் என்பது நமக்குப் புதிய சங்கதி இல்லை.

இனி முதலாளி பக்கம். கராஜ், பேக்கரி, தையலகம் நடத்துபவர்களிடம் பேசினால் வருவது ஒரே பதில்: "பொடியனப் பழக்கி எடுத்தா அடுத்த மாசம் கட்டாருக்குப் போயிடுவான். நான் ஏன் செலவழிக்கணும்?" இது கஞ்சத்தனப் பேச்சு அல்ல. பொருளியலாளர் கேரி பெக்கர் 1964 இல் வெளியிட்ட மனித மூலதனம் பற்றிய நூலில் இதற்கு விளக்கம் உண்டு. எந்தக் கடையிலும் செல்லுபடியாகும் திறமைக்குத் தனி முதலாளி பணம் போட மாட்டார், அதன் பலன் தொழிலாளியோடு நடந்து போய்விடும் என்பது அவர் வாதம். தொழிலாளி கையிலும் காசில்லை என்றால், யாருமே பழக்காத நிலை வரும். பொதுப்பணம் நுழைய வேண்டிய இடம் இதுதான். மலேசியா வேறு வழி எடுத்தது. 1992 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அதன் கீழ் வரும் நிறுவனங்களிடம் சம்பளத் தொகையில் நூற்றுக்கு ஒன்று அறவிட்டு ஒரு நிதியம் அமைத்தார்கள். தன் ஆட்களைப் பழக்குகிற முதலாளி அதிலிருந்து செலவை மீளப் பெறலாம். ஆளை விட்டுக் கொடுத்தவர் மட்டும் நட்டப்படாமல் இருப்பதற்கு நல்ல உபாயம் இது.

நமது பயிலுநர் முறையிலும் முதலாளிக்கு ஒரு வாசல் உண்டு. அதிகார சபையோடு உடன்பட்டு, பயிலுநரைத் தன் வேலைத்தலத்திலேயே வைத்துப் பழக்கலாம். கராஜில் 'பாஸுக்குக் கையாளாக' நிற்கிற பையன் எப்படியும் நிற்கத்தான் போகிறான். பதிவோடு நின்றால் அவன் கையில் ஒரு தகைமை மிஞ்சும்.

பேருவளை சீனன்கோட்டையில் கல் பட்டை தீட்டுவதும், மருதமுனையில் தறி நெய்வதும் வாப்பாவிடமிருந்து மகனுக்குப் போன வித்தைகள். அதைத் தாளில் எழுதினால்தான் மதிப்பு என்று நான் சொல்லவில்லை. சந்தைக்குள்ளே ஆளை ஆள் தெரியும், கடதாசி வேண்டியதில்லை. வெளிநாட்டு நிறுவனமும், டிப்ளோமாவுக்கு ஆள் எடுக்கும் கல்லூரியும் அப்படி இல்லை. வீட்டிலிருந்து தைக்கும் நம் பெண்களுக்கு இது இன்னும் முக்கியம். அவர்களின் பல வருட அனுபவத்துக்கு எழுத்துக்கடிதம் தர முதலாளி என்று ஒருவர் இல்லை. தைத்த உடைகளும், படங்களும், செய்து காட்டும் கையும்தான் அவர்களுக்குச் சாட்சி.

மொழி விஷயத்தில் ஏமாறக் கூடாது. தமிழில் மதிப்பிட வேண்டும் என்று விண்ணப்பத்தின்போதே கேட்டு உறுதி செய்து கொள்ளுங்கள், மதிப்பீட்டு நாளில் கேட்டுப் பயனில்லை. பிரதேச செயலகத்தில் திறன் அபிவிருத்தி உத்தியோகத்தரை விசாரிக்கலாம், அல்லது தொழிற்பயிற்சி நிலையத்துக்கே போகலாம். போகும்போது அடையாள அட்டையோடு, செய்த வேலைகளின் படங்கள், வேலை கொடுத்தவர்களின் கடிதங்கள், பழைய பயிற்சிச் சான்றுகள் இருந்தால் அவையும் கையில் இருக்கட்டும். கடிதம் தருபவர், எந்த வருடத்திலிருந்து எந்த வருடம் வரை என்ன வேலை செய்தார் என்று விபரமாக எழுத வேண்டும். "நல்ல பிள்ளை" என்று மட்டும் எழுதிய கடிதத்தால் வேலை ஆகாது.