பச்சை முட்டையும் பருவப் பெண்களும்

பருவமெய்திய பெண்களுக்குப் பச்சை முட்டையை நல்லெண்ணெயுடன் கொடுக்கும் வழக்கம் தமிழ்நாட்டுக் கிராமங்களில் உண்டு. அன்று இட்ட முட்டையாதலால் தீங்கில்லை என்று பலரும் நம்புகின்றனர். இந்நம்பிக்கை பிழையானது.

முட்டை ஓட்டிலுள்ள நுண்துளைகளின் வழியே நாளடைவில் ஈரம் வெளியேற, அகன்ற முனையிலுள்ள காற்றறை பெரிதாகின்றது. ஆகையால், தண்ணீரிலிட்டால் புதிய முட்டை அடியிற் படுத்திருக்கும். பழையது நிமிர்ந்து நிற்கும். மிகப் பழையது மிதக்கும். இச்சோதனை முட்டையின் வயதை மட்டுமே காட்டும். சால்மொனெல்லா என்னும் கிருமியோ, நோயுற்ற கோழியின் சினைப்பையிலிருந்தே முட்டைக்குள் புகக்கூடும். அத்தகைய முட்டை, புதியதாயினும், ஓடு சுத்தமாயினும், காய்ச்சலையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கக்கூடும்.

வாங்குங்கால் விரிசலும் எச்சக் கறையும் உள்ளவற்றை விலக்குக. நாட்டுக்கோழி முட்டைகளைக் கழுவிச் சேமித்தலாகாது. ஓட்டின் இயற்கைப் பூச்சு நீங்கினால் துளைகள் வழியே கிருமி எளிதில் நுழையும். எனவே நீர்ச்சோதனையைச் சமைக்கும் வேளையிலேயே செய்க. வெள்ளைக்கருவும் மஞ்சட்கருவும் கெட்டியாகும்வரை வேகவைத்தே கொடுத்தல் வேண்டும். பச்சை முட்டையைவிட வெந்த முட்டையின் புரதமே நன்கு சீரணமாகும். ஆகவே வேகவைப்பதால் பெண்ணுக்கு நன்மையே கூடும். இதனைக் கிராம அதிகாரிகளும் நிலமுடையோரும் தத்தம் ஊரிலுள்ள தாய்மார்க்கு எடுத்துரைப்பாராக.