பீட்டர் தங்கராஜ்

பீட்டர் தங்கராஜ் (24 டிசம்பர் 1935 – 24 நவம்பர் 2008) இந்தியக் கால்பந்து அணியின் இலக்குக் காவலராக விளங்கியவர். ஐதராபாத்தில் பிறந்த தமிழரான இவர், 1956, 1960 ஆகிய இரு ஒலிம்பிக் போட்டிகளிலும், 1962 ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற அணியிலும் இடம்பெற்றார். இந்தியக் கால்பந்தின் பொற்காலம் எனப்படும் ஆண்டுகளும் இவரது ஆட்டக்காலமும் பெரும்பாலும் ஒன்றே.

தொடக்க காலம்

தங்கராஜ் முதலில் நடுக்கள முன்னணி ஆட்டக்காரராக, கோல் அடிக்கும் இடத்திலேயே ஆடிவந்தார். நீலகிரி மாவட்டம் வெலிங்டனில் உள்ள மதராஸ் படைப்பிரிவு மையத்தில் சேர்ந்த பிறகே இலக்குக் காவலரானார். ஆறடிக்கும் மேற்பட்ட உயரமும் நீண்ட கைகளும் உயரமாக வரும் பந்துகளைப் பிடிக்க உதவின. முன்னணியில் ஆடிய பழக்கத்தால் பந்தை வெகுதொலைவு உதைத்து எதிர்த்தாக்குதலைத் தொடங்கி வைக்கவும் இவரால் முடிந்தது. மதராஸ் படைப்பிரிவு மைய அணி 1955, 1958 ஆண்டுகளில் டுராண்ட் கோப்பையை வென்றது. 1960இல் இவர் தலைமையிலான சர்வீசஸ் அணி சந்தோஷ் கோப்பையைக் கைப்பற்றியது.

ஒலிம்பிக் போட்டிகள்

1955இல் டாக்காவில் நடந்த நான்கு நாடுகள் போட்டியில் முதன்முதலாக இந்தியாவுக்கு ஆடினார். மறு ஆண்டு மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா நான்காம் இடம் பெற்றது.

1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்தியா கடினமான பிரிவில் இருந்தது. ஹங்கேரியிடம் 1–2 என்ற கணக்கில் தோற்றது. பிரான்சுடன் 1–1 என்று சமன் செய்தது. பெருவிடம் 1–3 என்று தோற்றது. பிரான்சுக்கு எதிரான ஆட்டம் நடந்தபோது புதுச்சேரி இந்திய நிர்வாகத்தில் இருந்தபோதும் சட்டப்படி இன்னும் பிரெஞ்சுப் பகுதியாகவே இருந்தது. சட்டப்படியான இணைப்பு 16 ஆகஸ்ட் 1962இல்தான் நிறைவேறியது. ரோமுக்குப் பிறகு இந்தியக் கால்பந்து அணி ஒலிம்பிக்கில் ஆடியதில்லை.

ஜகார்த்தா, 1962

பயிற்சியாளர் சையது அப்துல் ரகீம் புற்றுநோயால் துன்புற்ற நிலையில் அணியை ஜகார்த்தாவுக்கு அழைத்துச் சென்றார். காய்ச்சல் கண்ட தங்கராஜுக்குப் பதிலாகப் பிரத்யுத் பர்மன் இலக்கைக் காத்தார். இறுதி ஆட்டத்துக்குத் தங்கராஜ் திரும்பினார். எதிரணி தென்கொரியா, இதே போட்டியின் தொடக்கத்தில் இந்தியாவை 2–0 என்று வென்ற அணி. அரங்கில் திரண்டிருந்த பெருங்கூட்டமும் இந்தியாவுக்கு எதிராகவே முழங்கியது. செப்டம்பர் 4 அன்று பி. கே. பானர்ஜி, ஜர்னைல் சிங் ஆகியோரின் கோல்களால் இந்தியா 2–1 என்று வென்றது. ஆசிய விளையாட்டுப் போட்டிக் கால்பந்தில் இந்தியா இதுவரை பெற்றுள்ள தங்கங்கள் இரண்டு: 1951, 1962.

கழக ஆட்டமும் பிற்காலமும்

கொல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் ஆகிய மூன்று பெரிய கழகங்களுக்கும் இவர் ஆடினார். 1958இல் ஆசியாவின் சிறந்த இலக்குக் காவலராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1964 ஆசியக் கோப்பையில் இரண்டாம் இடம் பெற்ற அணியிலும் இருந்தார். 1967இல் அருச்சுனா விருது பெற்றார். ஓய்வுக்குப் பின் பொகாரோ எஃகு ஆலையில் பயிற்சியாளராகப் பணியாற்றி, பொகாரோவிலேயே காலமானார்.