பச்சை உடம்பும் நுரையீரல் அடைப்பும்: கெடாவில் அன்றும் இன்றும்

பிள்ளை பெற்று ஏழெட்டு நாள் ஆன பெண். குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டு எழுந்தாள், நாலடி வைப்பதற்குள் மூச்சு முட்டி விழுந்தாள், உயிர் போய்விட்டது. மலேசியாவின் கெடா மாநில ரப்பர் தோட்டங்களில் லயத்துக்கு லயம் இப்படி ஒரு சாவைச் சொல்லும் பெரியவர்கள் உண்டு. ஜன்னி கண்டுவிட்டது என்றார்கள். காத்து கருப்பு அடித்துவிட்டது என்றார்கள். தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரசரைக் கேட்டால் மாரடைப்பு என்பார். பொழுது சாய்வதற்குள் அடக்கம் முடிந்துவிடும். வயிற்றைக் கிழித்துப் பார்ப்பதை அந்தக் குடும்பம் நினைத்துக்கூடப் பார்க்காது. அப்படிப் போன உயிர்களில் ஒரு பங்கேனும் காலில் உறைந்த ரத்தம் நுரையீரலில் போய் அடைத்ததால் போனவை என்று இன்று மருத்துவம் படித்த எவரும் சொல்வார்.

பேறுகாலத்தில் ரத்தப்போக்கைத் தடுக்க உடம்பே ரத்தத்தின் உறையும் தன்மையைக் கூட்டிக்கொள்கிறது. கருப்பை இடுப்புச் சிரைகளை அழுத்துவதால் கால் ரத்தம், அதிலும் இடது கால் ரத்தம், மேலே ஏறாமல் தேங்குகிறது. அங்கே உறைந்த கட்டி பிய்த்துக்கொண்டு இதயத்தின் வலப்பக்கம் வழியாக நுரையீரலுக்குப் போகிறது. பெரிய கட்டி என்றால் பெரிய தமனியை அடைத்து ஆளைச் சாய்த்துவிடும். சின்னத் துணுக்குகளோ சிறு தமனிகள் வரை போய், நுரையீரலின் ஓரத்தில் சிக்கிக்கொள்ளும். மூச்சை இழுத்தால் விலாவில் சுருக்கென்று குத்தும், லேசாகக் காய்ச்சல் அடிக்கும், சளியில் ரத்தக் கீற்று தெரியும். சளியில் ரத்தம் என்றால் அந்தக் காலத்தில் எல்லாருக்கும் முதலில் தோன்றியது காசநோய்தான். பெரிய கட்டி கிளம்புமுன் சின்னது கொடுத்த எச்சரிக்கை இருமல் மருந்தோடு போய்விட்டிருக்கும்.

டிரசரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. பல தோட்டங்களுக்கு ஒரே டிரசர் அலைந்த காலம் அது. டாக்டர் எப்போதாவதுதான் வருவார். சுங்கை பட்டாணி ஆஸ்பத்திரிக்குத் தோட்டத்து லாரியில் செம்மண் பாதை வழியே போக வேண்டும். போய்ச் சேர்ந்தாலும், இந்த நோயில் எக்ஸ்ரே படம் பல நேரம் சுத்தமாகவே இருக்கும். உலகமே அப்போது இருட்டில்தான் இருந்தது. ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து இந்த நோயில் உயிரைக் காக்கும் என்பதை இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் பாரிட், ஜோர்டன் என்ற இருவர் சோதனை நடத்திக் காட்டியதே 1960-இல்தான். மருந்து பெறாதவர்களில் 5 பேர் இந்த அடைப்பால் இறந்தார்கள், பெற்றவர்களில் ஒருவரும் அதனால் இறக்கவில்லை. சாயம் ஏற்றி நுரையீரல் தமனிகளைப் படம் பிடிக்கும் சிடி ஸ்கேன் பழக்கத்துக்கு வர 1990-கள் ஆயின.

வீட்டுக்குள் நடந்ததையும் சொல்ல வேண்டும். பச்சை உடம்புக்காரிக்குச் சூடான சாப்பாடு, பூண்டுக் குழம்பு, கூடவே ஒரு துணை. இதில் எதையும் நான் பழிக்கமாட்டேன். தாயை அப்படித் தாங்கிய வீடுகள் நல்ல வீடுகள். ஆனால் தண்ணீர் குடித்தால் வயிறு வைக்கும் என்று அளந்து கொடுத்தது தப்பு. எழுந்திருக்கவே கூடாது என்று நாள் கணக்கில் படுக்க வைத்ததும் தப்பு. ஒரு கால் மட்டும் வீங்கினால் நீர் இறங்கியிருக்கிறது என்று எண்ணெய் போட்டு உருவியதுதான் எல்லாவற்றையும்விட ஆபத்து. உள்ளே கட்டி இருந்தால் அந்த உருவலே அதைக் கிளப்பிவிடலாம்.

இன்று அந்த லயங்கள் பெரும்பாலும் இல்லை. பால்மரத்தை அழித்துச் செம்பனை போட்டார்கள், செம்பனையையும் அழித்துத் தாமான் வீடுகள் கட்டினார்கள். பெரட்டு என்ற காலை ஆள் கணக்கெடுப்புக்கு விடியுமுன் எழுந்து 400, 500 மரம் நடந்தே வெட்டிய பாட்டியின் பேத்தி, கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவிலோ பினாங்குத் தொழிற்சாலையிலோ பன்னிரண்டு மணி நேர ஷிப்டு பார்க்கிறாள். பஸ்ஸில் உட்கார்ந்து போய், உட்கார்ந்தே திரும்புகிறாள். நடக்கும்போது கெண்டைக்கால் தசைதான் ரத்தத்தை மேலே தள்ளுகிறது. அந்தத் தசைக்கு இன்று வேலை குறைவு. மலேசியாவில் பெரியவர்களில் இரண்டில் ஒருவருக்கு எடை அதிகம் என்று 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பு சொன்னது; இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் அது மிக அதிகம். வயது கூடிய பிறகு பேறு, அறுவைச் சிகிச்சைப் பேறு இவையும் சேர்ந்துகொள்ள, ரத்தம் உறைவதற்கான காரணங்கள் பாட்டியைவிடப் பேத்திக்கு அதிகம்.

அப்படியும் பேத்தி பிழைக்கிறாள். 1991 முதல் மலேசியாவில் பேறுகாலத்தில் இறக்கும் ஒவ்வொரு தாயின் மரணத்தையும், யார் மீதும் பழி போடாமல், பெயரை வெளியிடாமல் விசாரிக்கிறார்கள். பொழுது சாய்வதற்குள் மூடப்பட்ட கதைகளுக்கு ஆள் வைத்துக் காரணம் தேடும் இந்த ஏற்பாட்டை நான் மிகப் பெரிய மாற்றமாக மதிக்கிறேன். ரத்தப்போக்கும் கிருமித் தொற்றும் கட்டுக்குள் வரவர, நுரையீரல் அடைப்பு தாய்மார் சாவுக்கான முன்வரிசைக் காரணங்களில் ஒன்றாக மேலே வந்தது அந்த விசாரணைகளில்தான் தெரிந்தது. 1950-களில் லட்சம் பிறப்புக்குப் பல நூறாக இருந்த தாய் மரணம் 2010-களில் 30-க்கும் கீழே இறங்கிவிட்டது.

இப்போது எடை, வயது, அறுவை, பழைய உறைவு என்று ஒவ்வொன்றுக்கும் புள்ளி போட்டு, தேவைப்பட்டவளுக்குப் பத்து நாளோ ஆறு வாரமோ ஹெப்பரின் வகை ஊசி எழுதுகிறார்கள். சுங்கை பட்டாணி சுல்தான் அப்துல் ஹலீம் மருத்துவமனையின் வார்டுகளில் பாடம் கற்கும் மாணவர்களில் செமிலிங்கில் உள்ள எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்துப் பிள்ளைகளும் உண்டு. அவர்களில் தோட்டத்து வீட்டுப் பேரப்பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்பதில் எனக்கு மிகுந்த பெருமை. ஊசியை வீட்டில் தானே போட்டுக்கொள்ள மிஸ்ஸி (தாதி) கற்றுத் தருவார். தொப்புளிலிருந்து தள்ளி, வயிற்றுச் சதையை இரு விரலால் மடித்துப் பிடிக்க வேண்டும். ஊசிக்குள் தெரியும் காற்றுக் குமிழியை வெளியேற்றக் கூடாது. செங்குத்தாக முழு ஊசியும் இறங்க வேண்டும். மருந்து போய் முடியும் வரை மடிப்பை விடக் கூடாது. எடுத்த இடத்தைத் தேய்க்கவும் கூடாது, தேய்த்தால் கன்றிப்போகும். போட்ட ஊசிகள் ஒரு காலி மைலோ டின்னில் சேரும், கிளினிக்குக்குப் போகும்போது கூடவே போகும்.

இந்த மருந்து பன்றியின் குடலிலிருந்து எடுக்கப்படுகிறது. கேள்விப்பட்டதும் முகம் சுளிக்கும் வீடுகள் நம்மிலும் உண்டு, மலாய்க்காரர்களிலும் உண்டு. வாயைத் திறந்து கேட்டால் செயற்கையாகத் தயாரித்த ஃபோண்டாபரினக்ஸ் பற்றி டாக்டர் சொல்வார். சொல்லாமல் ஊசியை அலமாரியில் பூட்டி வைப்பதுதான் பெருங்கேடு.

ஸ்கேன் கூர்மையானதில் புதுச் சிக்கலும் வந்திருக்கிறது. முன்பு கண்ணுக்கே தெரியாத சிறு தமனி அடைப்புகள் இப்போது படத்தில் விழுகின்றன. காலில் கட்டி இல்லை, புற்றுநோய் போன்ற வேறு ஆபத்தும் இல்லை என்றால், மருந்து கொடுக்காமல் கவனிக்கலாமா என்று 2022-இல் வெளியான ஓர் ஆய்வு பார்த்தது. 90 நாளுக்குள் நூற்றுக்கு 3 பேருக்கு மறுபடி உறைந்தது, எதிர்பார்த்ததைவிட அதிகம். பிள்ளை பெற்றவளுக்கு அந்தப் பொறுமையெல்லாம் வேண்டாம். சின்னது என்றாலும் மருந்து தொடங்குவதே சரி.

மிஸ்ஸி வீடு தேடி வருவது இருபதாம் நாள் வாக்கில் முடிந்துவிடும். உறையும் ஆபத்தோ ஆறு வாரம் வரை நீள்கிறது. இடையில் இருக்கும் நாட்களில் அவளைப் பக்கத்திலிருந்து பார்ப்பது அம்மாவும் மாமியாரும் பாட்டியும்தான். ஆகவே கிளினிக்கில் பெண்ணுக்குச் சொல்வதை அவர்களையும் உட்காரவைத்துத் தமிழில் சொல்ல வேண்டும். தாராளமாகத் தண்ணீர் கொடுங்கள், பத்தியத்திலும் வீட்டுக்குள் நடக்க விடுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் உருவாமல் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். மூச்சு இழுக்கையில் குத்தினாலும், சளியில் ரத்தம் வந்தாலும், திடீரென்று மூச்சு வாங்கினாலும், விடியட்டும் என்று காத்திராமல் 999-க்கு அடித்து, பிள்ளை பெற்று எத்தனை நாள் ஆயிற்று என்பதை முதலில் சொல்லுங்கள்.