மூன்றாவது பாடம் பௌதிகவியலா, விவசாயமா?

சாதாரண தரப் பெறுபேறு வந்ததும் நுவரெலியா மாவட்டத்துக் கொத்மலைத் தோட்டங்களில் ஒரே பேச்சு: பிள்ளையை எந்தப் பிரிவில் சேர்ப்பது? டொக்டராக ஆசைப்படும் பிள்ளைக்குப் பதில் ரெடி: பயோ. ஆனால் பயோ படிக்கிற எல்லாரும் மருத்துவ பீடத்துக்கு விண்ணப்பித்துவிட முடியாது.

உயர்தர உயிரியல் பிரிவில் உயிரியலும் இரசாயனவியலும் இருந்தே ஆகவேண்டும். வழி பிரிவது மூன்றாவது பாடத்தில். பௌதிகவியலும் எடுக்கலாம், விவசாய விஞ்ஞானமும் எடுக்கலாம். விவசாயம் எடுத்தவர் மூன்றிலும் ஏ சித்தி பெற்றாலும் எம்.பி.பி.எஸ்.ஸுக்குத் தகுதி இல்லை. விவசாயம் மட்டமான பாடம் என்று சொல்லவில்லை. பேராதனை விவசாய பீடத்துக்கு அது நல்ல வழி. மருத்துவத்துக்கு அல்ல, அவ்வளவுதான்.

தெரிந்தும் பிள்ளைகள் ஏன் விவசாயத்துக்குப் போகிறார்கள்? பௌதிகவியல் பயம் ஒன்று. சரிவுத் தளத்தில் வழுக்கும் கட்டை பற்றிய கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். எடையை சைன், கோசைன் என்று இரண்டாகப் பிரிக்க வேண்டும். இணைந்த கணிதம் படிப்பவருக்கு அது அன்றாட வேலை. பயோ பிள்ளையிடம் இருப்பதோ சாதாரண தரக் கணிதம். மிச்சத்தைப் பௌதிகவியல் ஆசிரியர்தான் கற்றுத்தர வேண்டும். தமிழ் மொழிமூலம் அந்த ஆசிரியர் கிடைப்பதே மலையகத்தில் பெரும்பாடு. இருக்கிற ஆசிரியரைப் பார்த்துப் பாடத்தைத் தெரிவுசெய்வதைப் பிள்ளையின் விருப்பம் என்று நான் சொல்லமாட்டேன்.

அதற்கு முன்பே ஒரு தடை உண்டு. உயர்தர விஞ்ஞானப் பிரிவு நடப்பது 1 ஏபி தரப் பாடசாலைகளில். 1 சி என்றால் கலையும் வர்த்தகமும்தான். இரண்டாம் தரப் பாடசாலை 11ஆம் வகுப்போடு முடிந்துவிடும். ஆகவே பயோ படிக்கப் பல பிள்ளைகள் ஊர்விட்டுப் போகவேண்டும். பக்கத்தில் நாவலப்பிட்டி, கம்பளை. இரண்டும் கண்டி மாவட்டம்!

இங்கேதான் பெற்றோர் நின்று யோசிக்க வேண்டும். மருத்துவ பீட இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்டங்களுக்கும், 5 வீதம் கல்வி வசதி குறைந்த 16 மாவட்டங்களுக்கும் போகிறது. அந்த 16இல் நுவரெலியா உண்டு, கண்டி இல்லை. கண்டியின் வெட்டுப்புள்ளியும் உயர்வு. உங்கள் மாவட்டம் எது என்பதை வீட்டு முகவரி தீர்மானிப்பதில்லை. பரீட்சைக்கு முந்திய 3 வருடங்கள் எங்கே படித்தீர்கள் என்று பார்க்கிறார்கள். நல்ல ஆசிரியருக்காக எல்லை தாண்டுவது தப்பில்லை. ஆனால் என்ன விலைக்குத் தாண்டுகிறோம் என்று தெரிந்து தாண்டவேண்டும். ஹற்றன், தலவாக்கலை பக்கம் போனால் அந்தச் சிக்கல் இல்லை.

அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளி மூன்று பாடங்களின் சராசரி என்பதால், பௌதிகவியலில் 'எஸ் போதும்' என்று விட்டுவிடவும் முடியாது. எனவே அனுமதிக்கு முன் அதிபரிடம் நேராகக் கேளுங்கள்: பௌதிகவியலுக்கு நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா? செய்முறைக்கு ஆய்வுகூடம் திறக்கிறதா? பல்கலைக்கழக அனுமதிக்குக் கணக்கில் வருவது 3 தடவைதான். விவசாயத்தோடு ஒருமுறை எழுதிவிட்டு மனம் மாறினால், பௌதிகவியலை மட்டும் தனியாக எழுதிச் சேர்க்க முடியாது. மூன்று பாடங்களையும் ஒரே தடவையில் திரும்ப எழுதவேண்டும்.