தற்செயலின் கணக்கு – 11: கடைசியில் வந்தவருக்கும் அதே வாய்ப்பு

ஒரு கூட்டத்தைக் குழுக்களாகப் பிரிக்க எத்தனை வழி என்று போன வாரம் எண்ணினோம். பெல் எண்கள் நினைவிருக்கும், மறுபடி சொல்லப்போவதில்லை. இந்த வாரம் குழுக்களின் அளவு. நான்கு பேரும் ஒரே குழுவில் வந்து சேர நிகழ்தகவு என்ன? பிரிக்கும் வழிகள் 15. எல்லாவற்றுக்கும் சம வாய்ப்பு என்றால் விடை 15-ல் 1. ஆள் யார் என்று பாராமல் தலையை மட்டும் எண்ணினால் 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என்று ஐந்தே வகை. அவற்றுக்குச் சம வாய்ப்பு கொடுத்தால் 5-ல் 1. ஒவ்வொருவராக வந்து சேரும் இன்னொரு முறையில் 4-ல் 1. மூன்றுமே பிழையற்ற விடைகள். எதைச் சமமாக வைத்தோம் என்று சொல்லாதவரை, ‘தற்செயலாகப் பிரித்தோம்’ என்ற பேச்சுக்குப் பொருளே கிடையாது என்பதுதான் என் வாதம்.

அந்த மூன்றாவது முறையைப் பார்ப்போம். முதல் ஆள் ஒரு மேசையில் உட்காருகிறார். அடுத்தடுத்து வருபவர் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் ஒருவரைச் சீட்டுப் போட்டு எடுத்து அவர் மேசையில் சேரலாம், அல்லது புது மேசைக்குப் போகலாம். புது மேசைக்கும் ஒரு சீட்டு உண்டு. லெஸ்டர் டூபின்ஸும் ஜிம் பிட்மனும் இதற்குச் சீன உணவக முறை என்று பெயர் வைத்தார்கள். சான் ஃபிரான்சிஸ்கோவின் சீன உணவகங்களில் மேசைக்குப் பஞ்சமே இல்லை என்பதால் வந்த பெயர். நூறு பேரை எடுத்துக்கொள்வோம். எல்லாப் பிரிவினைக்கும் சம வாய்ப்பு என்றால் முப்பதுக்குச் சற்றுக் குறைவான குழுக்கள் அமையும். இரண்டு முதல் நான்கு பேர் வரை கொண்டவையே மிகுதி, பத்துப் பேர் சேர்வது அபூர்வம். உணவக முறையிலோ சராசரியாக ஐந்து மேசைக்குச் சற்று மேல்தான். நூறு தடவை நடத்தினால் ஏறக்குறைய 69 தடவை, பாதிக் கூட்டத்துக்கும் மேல் ஒரே மேசையில் இருக்கும்.

முந்தி வந்தவர்களுக்குச் சாதகமான ஏற்பாடு, அதனால்தான் இந்த ஏற்றத்தாழ்வு என்று மறுப்பு வரலாம். இங்கேதான் இந்த வாரம் முழுக்க என்னை விடாமல் பிடித்துக்கொண்ட உண்மை இருக்கிறது. கடைசியாக வருபவரின் மேசையில் மொத்தம் எத்தனை பேர் என்று கேளுங்கள். ஒருவர் முதல் நூறு பேர் வரை ஒவ்வோர் எண்ணுக்கும் நிகழ்தகவு சரியாக 100-ல் 1. முதலில் வந்தவருக்கும் அதே கணக்குதான், நடுவில் வந்தவருக்கும் அதேதான். மூன்று பேரில் சரிபார்க்கலாம். மூன்றாமவர் தனியே உட்கார 3-ல் 1. முதல் இருவர் சேர்ந்திருக்க 2-ல் 1, அவர்களோடு இவர் சேர 3-ல் 2. பெருக்கினால் மூவர் மேசைக்கு 3-ல் 1. முதல் இருவர் பிரிந்திருந்து இவர் யாரோ ஒருவரிடம் சேர்வதற்கும் அதே பெருக்கல், அதே 3-ல் 1. வந்த வரிசை பெருத்த மேசைக்குக் காரணமில்லை. யாருக்கும் தனிச் சலுகை தராமலே பெரிய குழு உருவாகிறது.

இதெல்லாம் காகிதக் கணக்கு என்பது இரண்டாவது மறுப்பு. ஆனால் இந்தக் கணக்கு உணவகப் பெயர் சூட்டப்படுவதற்கு முன்பே உயிரியலில் இருந்தது. ஒரு மரபணுவின் வகைகளுக்குள் உயர்வு தாழ்வே இல்லையென்றால், எடுத்த மாதிரியில் எந்த வகை எத்தனை தடவை தென்படும் என்பதற்கு வாரன் ஈவன்ஸ் 1972-ல் ஒரு சூத்திரம் தந்தார். அதில் புது வகை தோன்றும் வேகத்துக்கு ஓர் எண் உண்டு. அதை 1 என்று வைத்தால் நம் உணவகம் அப்படியே வந்துவிடும். ஆகவே ஒரு வகை மட்டும் பெருத்திருப்பதைக் கண்டதும் அதை இயற்கை தேர்ந்தெடுத்துவிட்டது என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. தேர்வே இல்லாவிட்டால் அது எவ்வளவு பெருக்கும் என்ற கணக்கைப் போட்டு, கண்டது அதை மீறுகிறதா என்று பார்த்தாக வேண்டும்.

ராமானுஜனின் எண் பிரிவினைகளில் பெரிய கூறு எவ்வளவு பெரியது என்று இந்த வாரமே எழுதுவதாகச் சொல்லியிருந்தேன், இடம் போதவில்லை. அது 1941-ல் எர்டோஷும் லேனரும் கண்ட விடையோடு அடுத்த வாரம். அதற்குள் நான்கு பேரை வைத்து மூன்று முறைகளையும் நீங்களே ஒரு தாளில் போட்டுப் பாருங்கள்.