சிறைப்பட்ட மன்னனும் திருக்கிண்ணங்களும்

ஜேர்மனியின் தென்மேற்கே, அடர்ந்த காடு சூழ்ந்த பள்ளத்தாக்கில் அன்வைலர் என்றொரு சிற்றூர் உண்டு. அதற்கு மேலே, செந்நிற மணற்பாறையின் உச்சியில் நிற்கிறது ட்ரீபெல்ஸ் கோட்டை. 1602இல் இடி விழுந்து எரிந்த அது, நெடுங்காலம் பாழடைந்து கிடந்தது. 1938இலேயே மீளக் கட்டும் பணி தொடங்கியது.

அங்கே ஏறிச் செல்வீர்களாயின், 1193ஆம் ஆண்டை நினைவுகூருங்கள். சிலுவைப் போரிலிருந்து நாடு திரும்புகையில் பிடிபட்ட இங்கிலாந்து மன்னர் முதலாம் ரிச்சட் அவ்வாண்டில் இங்கே கைதியாயிருந்தார். பேரரசர் ஆறாம் ஹென்றி கேட்ட மீட்புத் தொகையோ 23 தொன்னுக்கும் மேற்பட்ட வெள்ளி! அதனைத் திரட்ட முதிய வயதில் முன்னின்றவர் மன்னரின் தாய் எலனோர். மக்கள் வரி செலுத்தினர். ஆலயங்கள் தம் வெள்ளிப் பாத்திரங்களையும் திருக்கிண்ணங்களையும் கையளித்தன. 1194 பெப்ரவரியில் தாயின் கண்முன்னே மகன் விடுதலையானார்.

மன்னனுக்குத் தாயும் இருந்தாள், வெள்ளியும் இருந்தது. இரண்டும் இல்லாத கைதியை மீட்பவர் யார்? சிறையிலிருப்போரைத் தேடிச் செல்வது தம்மையே தேடிவருவதாகும் என்றார் நம் ஆண்டவர். அவர் நம்மிடம் வெள்ளி கேட்கவில்லை. மறக்கப்பட்ட ஒருவரைக் காண நாம் ஒதுக்கும் ஒரு மணி நேரமே, நாம் கையளிக்கும் திருக்கிண்ணம்.